ரோ மான் வேட்டை: இணைசேரும் பருவத்தில் கிடாவை நெருங்குவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரோ மான் என்பது ஐரோப்பாவின் சிறிய மான் வகை. பிரிட்டனில் அதன் கிடாவைச் சுடுவதற்குச் சட்டப்படி பல மாதங்கள் உண்டு. ஆனாலும் ஜூலைக் கடைசியையும் ஆகஸ்ட் தொடக்கத்தையும் வேட்டைக்காரர்கள் தனியாகவே வைத்துப் பேசுவார்கள். மே மாதத்தில் ஒரு சுள்ளி முறிந்தாலே காணாமல் போகிற கிடா, இந்த நாட்களில் வாயைப் பிளந்து மூச்சிரைத்துக்கொண்டு, பட்டப்பகலில் பெட்டையின் பின்னால் திறந்த வயலைக் கடந்து ஓடும். இதைக் கேள்விப்பட்டு "அப்போ சுலபம்தானே" என்று கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். எல்லாரும் கிடாவைத் தேடுவதுதான் காரணம். தேட வேண்டியது பெட்டையை. அது எங்கே படுக்கிறது, எங்கே மேய்கிறது, பருவத்துக்கு வந்துவிட்டதா இல்லையா என்று தெரிந்தால் கிடா தானாகவே கண்ணில் படும்.

நான் இங்கே சொல்வது தென் இங்கிலாந்தின் நிலத்துக்கு, அதாவது கோதுமை வயலும் சிறு காடும் வேலிப்புதரும் மாறி மாறி வருகிற இடத்துக்கு. ஸ்காட்லாந்து வேறுபடும் இடங்களில் அதையும் சொல்கிறேன். இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே மான் வேட்டை குற்றம். இதில் உள்ள எதையும் ஊரில் செய்து பார்க்க இடமில்லை. கேமராவோடு போகிறவர்களுக்கு ஆறாவது படி வரை எல்லாமே பொருந்தும்.

படி 1: காகித வேலையை முதலில் முடிக்கவும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கிடாவுக்கான காலம் ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை. பெட்டைக்கு நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை. ஆக, இணைசேரும் பருவத்தில் பெட்டையைச் சுடவே கூடாது. புதருக்குள் பால் குடிக்கிற குட்டிகள் அதற்காகக் காத்துக்கொண்டிருக்கும். ஸ்காட்லாந்தில் 2023 அக்டோபரில் ஆண் மான்களுக்கான தடைக்காலத்தை எடுத்துவிட்டார்கள். பெட்டைக்கு அங்கேயும் தடை இருக்கிறது. அக்டோபர் 21-இல்தான் அதற்கான காலம் தொடங்கும்.

துப்பாக்கி விஷயத்தில் இரண்டு நாட்டுச் சட்டமும் ஒன்றல்ல. இங்கிலாந்தில் 1991 மான் சட்டப்படி ரோ மானுக்குக் குழல் விட்டம் .240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, தோட்டாவின் ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்குக் குறையக் கூடாது. ஸ்காட்லாந்தில் ரோ மானுக்கு 1,000 அடி-பவுண்டு போதும். அதனால் .223 ரைஃபிள் எல்லைக்கு வடக்கே செல்லும், தெற்கே செல்லாது. இரண்டு பக்கமும் பிரச்சினை வேண்டாம் என்றால் .243 வின்செஸ்டரோ 6.5x55-ஓ எடுத்துக்கொள்ளலாம். சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழிந்தால் நிறுத்த வேண்டும். காலையில் உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்துதான் தொடங்கலாம்.

காவல்துறை தரும் துப்பாக்கிச் சான்றிதழும் நிலத்துக்காரரின் அனுமதியும் இல்லாமல் காலடி வைக்க வேண்டாம். அனுமதி எழுத்தில் இருப்பது நல்லது. டி.எஸ்.சி. 1 என்கிற மான் வேட்டைச் சான்றிதழைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஆனால் நிலத்துக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். புதிதாக வருகிறவர், அனுபவமுள்ள ஒரு வேட்டை வழிகாட்டிக்குக் கட்டணம் கட்டி, அவர் ரைஃபிளை அவர் கண் முன்னாலேயே பயன்படுத்திப் பழகச் சட்டம் இடம் தருகிறது. முதல் வருஷம் அப்படிப் போவதுதான் புத்திசாலித்தனம்.

படி 2: நாளைக் கணக்குப் போடவும்

இணைசேரும் பருவம் ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் அடங்கும். இந்த நான்கு வாரமும் ஒரே மாதிரி இருக்காது. இதைப் புரிந்துகொள்ளாமல் போகிறவர்கள்தான், பெட்டையின் குரல் மாதிரி ஊதிப் பார்த்துவிட்டு, "கூப்பிட்டேன், வரவே இல்லை" என்று புலம்புவார்கள்.

பெட்டை பருவத்தில் இருப்பது ஏறக்குறைய ஒன்றரை நாள், அதுவும் வருஷத்துக்கு ஒரே தடவை. அதற்கு ஓரிரு நாள் முன்பே கிடா அதன் வாலைப் பிடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்துவிடும். எனவே ஜூலை நடுவில் நாம் பார்ப்பது எரிச்சல் பிடித்த கிடாக்களைத்தான். எல்லையைச் சுற்றி வரும், ஒரு வயதுக் கிடாக்களை விரட்டும், இளமரங்களைக் கொம்பால் உரசிப் பட்டையை உரிக்கும். ஜூலைக் கடைசி வாரம் வந்தால் பெட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பருவத்துக்கு வரும். அப்போது பெரிய கிடாக்கள் எல்லாவற்றுக்கும் பக்கத்திலேயே ஒரு பெட்டை இருக்கும். நிஜப் பெட்டையை விட்டுவிட்டு நம் ஊதலைத் தேடி அது ஏன் வரப் போகிறது? இந்த வாரத்தில் ஊதலைப் பையிலேயே வைத்துக்கொண்டு காலால் தேடுவதுதான் பலன் தரும்.

ஆகஸ்ட் முதல் வாரம் முடியும்போது நிலைமை மாறும். பெரும்பாலான பெட்டைகள் சினைப்பட்டிருக்கும், கிடாவுக்கோ வேகம் அடங்கியிருக்காது. மிச்சம் இருக்கிற ஒன்றிரண்டைத் தேடித் தன் எல்லையைத் தாண்டியும் அலையும். அழைப்புக்கு ஓடி வரும் கிடா இந்த நாட்களில்தான் அதிகம். லீவு எடுக்க ஒரே ஒரு வாரம்தான் முடியும் என்றால் ஆகஸ்ட் 3 முதல் 10 வரை எடுக்கச் சொல்வேன்.

இந்த மானின் உடம்புக்குள் நடக்கிற ஒரு விஷயம் நீண்ட காலம் எல்லாரையும் குழப்பியது. ஆகஸ்டில் கருவுற்ற முட்டை உடனே கருப்பையில் ஒட்டி வளராது. டிசம்பர் கடைசி, ஜனவரி வரை ஏறக்குறைய வளராமலே மிதந்துகொண்டிருக்கும். அப்புறம்தான் ஒட்டி வளர்ந்து, மே-ஜூனில் பெரும்பாலும் இரட்டைக் குட்டிகளாகப் பிறக்கும். பின்பனியில் சுட்ட பெட்டையின் வயிற்றில் மிகச் சிறிய கருவைப் பார்த்தவர்கள், கோடையில் நடப்பது போலி, உண்மையான இணைசேர்க்கை குளிர்காலத்தில்தான் என்று நம்பினார்கள். 1854-இல் ஜெர்மன் உடற்கூறியலாளர் பிஷோஃப் இதைத் தெளிவுபடுத்தினார்.

வானிலையையும் கவனிக்க வேண்டும். புழுக்கமான, காற்றில்லாத, இடி வரப் போகிற நாளை வேட்டைக்காரர்கள் சொல்லி வைத்த மாதிரி விரும்புவார்கள். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. குளிர்ந்த மழையும் பலத்த காற்றும் இருந்தால் மான் படுத்துவிடும். நேரம் பற்றிச் சொன்னால், ஜூலைக் கடைசியில் தென் இங்கிலாந்தில் சுமார் 5:20-க்கு விடியும், இரவு 9 மணி வாக்கில் இருட்டும். எல்லாரும் காலை 8 மணிக்குச் சாப்பிடக் கிளம்பிவிடுகிறார்கள். இந்தப் பருவத்தில் மட்டும் அது தப்பு. 10 மணியிலிருந்து 2 மணி வரை, காடு தூங்குகிற நேரத்தில், கிடா எழுந்து தேட ஆரம்பிக்கும்.

படி 3: நிலத்தைப் படிக்கவும்

இதை ஜூனிலேயே தொடங்கிவிட வேண்டும். ஒரு பைனாக்குலர், ஒரு நோட்டு, ஒரு மாலை நேரம் இருந்தால் போதும். எந்த முட்புதர் ஓரத்தில் எந்தப் பெட்டை குட்டிகளோடு வெளியே வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குட்டியுள்ள பெட்டை சிறிய வட்டத்துக்குள்ளேயே சுற்றும். ஜூலைக் கடைசியிலும் அது அங்கேதான் இருக்கும். கிடா நம்மைத் தேடி வராவிட்டாலும் அந்தப் பெட்டையைத் தேடி வந்தே தீரும்.

கிடாவின் அடையாளங்கள் தனி. கட்டைவிரல் பருமனுள்ள இளமரத்தில், முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய, பட்டை கிழிந்து நார்நாராகத் தொங்கும். அடியில் மண் குளம்பால் பறிக்கப்பட்டிருக்கும். கிழிசல் ஈரமாக, வெளிர் நிறத்தில் இருந்தால் புதுசு. காய்ந்து பழுப்பாகிவிட்டால் வசந்த காலத்து வேலை. நெற்றிச் சுரப்பியின் மணத்தை மரத்தில் பூசி, மண்ணைப் பறித்து, "இது என் இடம்" என்று மார்ச்சிலிருந்தே அது அறிவித்துக்கொண்டிருக்கிறது.

எல்லாவற்றிலும் நிச்சயமான அடையாளம் வளையம். பெட்டையைக் கிடா விரட்டும்போது இரண்டும் ஒரு மரத்தையோ பழைய அடிக்கட்டையையோ புதரையோ நடுவில் வைத்துச் சுற்றிச் சுற்றி ஓடும். சில இடத்தில் எட்டு என்ற எண்ணின் வடிவத்தில் ஓடும். புல் மடங்கி, மண் தெரிய, நான்கைந்து அடி குறுக்களவில் வட்டம் விழுந்திருக்கும். வருஷா வருஷம் அதே மரத்தடியைத் தேடி வருவதும் உண்டு. விளைந்த கோதுமைக்குள் வளையம் விழுந்தால் வரப்பில் நின்று பார்த்தால் தெரியாது. டிராக்டர் மேலிருந்து பார்க்கிற விவசாயிக்குத் தெரியும். அவரிடம் கேட்டுவிடுங்கள். எப்போது அறுவடை என்றும் கேளுங்கள். பார்லியும் கடுகு இனப் பயிரும் முதலில் அறுபடும், கோதுமை பின்னால். அதுவரை வயலுக்குள்ளேயே குடியிருந்த மான்கள் அறுவடை முடிந்த மாலையில் தாள் கட்டையின் மேல் அப்பட்டமாக நிற்கும். அறுவடை இயந்திரம் கிளம்பிப் போன அன்றைய மாலையைத் தவறவிடாதீர்கள்.

சொல்ல மறக்கக் கூடாத ஒன்று: 18-ஆம் நூற்றாண்டு வாக்கில் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் இந்த மான் அழிந்துபோயிருந்தது. 1800-இல் டார்செட்டில் உள்ள மில்டன் ஆபஸிலும், 1884-இல் தெட்ஃபோர்டு பக்கம் ஜெர்மனியிலிருந்தும் கொண்டுவந்து விட்டவைதான் பெருகிப் பரவின. இன்று தெற்கில் பல இடங்களில் ஊருக்குப் பின்பக்கத் தோட்டம் வரை வருகிறது.

படி 4: காற்று

மற்றதெல்லாம் சுமாராக இருந்தாலும் சமாளிக்கலாம், காற்றில் மட்டும் முடியாது. காமம் தலைக்கேறிய கிடா நம் தலையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகும். மனித வாடை மூக்கில் பட்டால் அந்த நொடியே ஆட்டம் முடிந்தது.

முகப்பவுடர் நிரப்பிய சின்ன பிளாஸ்டிக் புட்டியைச் சட்டைப்பையில் வைத்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். கன்னத்தில் படுவதை நம்ப வேண்டாம். காட்டுக்குள் காற்று மரத்தில் மோதித் திரும்பும். அமைதியான மாலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும், காலை வெயில் ஏறியதும் மேல்நோக்கிப் போகும். பள்ளத்தாக்கில் உட்காருகிறவர் இதைக் கணக்கில் எடுக்காவிட்டால், 9 மணிக்கு எல்லாம் தலைகீழாகிவிடும்.

படி 5: நடை

இரண்டு மூன்று அடி வையுங்கள், நில்லுங்கள், பைனாக்குலரில் பாருங்கள். அப்புறம் மறுபடி. பார்க்கிற நேரம் நடக்கிற நேரத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். 8x42 பைனாக்குலர் போதும். மங்கிய ஒளியில் 8x56 நன்றாக உதவும், கழுத்துதான் வலிக்கும். முழு மானைத் தேடாதீர்கள். பெரணிக்கு மேலே ஒரு காது, வேலிக்கு அடியில் ஒரு கால், செந்நிறத்தில் ஒரு துண்டு, இவ்வளவுதான் தெரியும். கோடையில் இதன் உடம்பு நரிச் சிவப்பு. பச்சைப் பின்னணியில் அந்தச் சிவப்பு எடுப்பாகத் தெரியும், நமக்கு அது ஒரு சாதகம்.

கிடா பெட்டையை விரட்டுவதைப் பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆசை, பின்னாலேயே ஓடத் தோன்றும். வேண்டாம். ஓடுகிற ஜோடியை இதுவரை எந்த மனுஷனும் ஓடிப் பிடித்ததில்லை. அவை பெரிய வட்டமாகச் சுற்றிப் பெரும்பாலும் அதே இடத்துக்கே திரும்பும். அவை கடந்த இடத்துக்குக் காற்றின் கீழ்ப்பக்கம் (காற்று போய்ச் சேரும் பக்கம்) போய், முதுகுக்கு ஒரு மரமோ புதரோ இருக்கும்படி உட்காருங்கள். அரை மணி நேரம் பொறுத்தால் சுற்றி வந்துவிடும்.

இடத்தை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அவை ஓடும்போது நகருங்கள், நின்றால் நில்லுங்கள். இங்கே காவல் பெட்டைதான். கிடாவின் கண் அதன் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்; பெட்டையோ களைத்துப்போய் நின்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்கும். அது முன்னங்காலைத் தரையில் தட்டினால் சந்தேகம் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே உறைந்துவிடுங்கள். மேயத் தலை குனிவதாக நடித்துச் சட்டென்று நிமிர்ந்து பார்க்கும். அந்த ஏமாற்றுக்கு மயங்கி அசையாதீர்கள். நாய் குரைக்கிற மாதிரி ஒரு கரகரத்த சத்தம் கேட்டால் அது ரோ மான்தான். நம் ஊர்க் கேளையாடும் இப்படித்தான் குரைக்கும். அதன் உறவுக்கார இனமான முந்த்ஜக் இப்போது தென் இங்கிலாந்துக் காடுகளில் நிறைய இருப்பதால், எது குரைத்தது என்று குழம்பவும் வாய்ப்பு உண்டு.

படி 6: அழைப்பு

சின்ன வயதில் பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியவர்களுக்கு இதன் அடிப்படை ஏற்கெனவே தெரியும். ஜெர்மானியர்கள் பீச் மரத்தின் இலையை இரண்டு கட்டைவிரலுக்கும் இடையே இழுத்துப் பிடித்து ஊதி, பெட்டை எழுப்பும் "ஃபீ... ஃபீ..." என்ற மெல்லிய கீச்சொலியை உண்டாக்குவார்கள். இலையில் கைதேர ஒரு கோடை முழுக்க ஆகும். அதனால் மரத்தில் செய்த ஊதலையோ, அமுக்கினால் கீச்சிடும் புட்டோலோ ரப்பர் பந்தையோ வாங்கிக்கொள்ளுங்கள். பந்தைச் சட்டைப்பைக்குள் வைத்தே அமுக்கலாம், கை அசைவு வெளியே தெரியாது. புதியவருக்கு அதுதான் நல்லது.

ஊதுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவைதான் பாதி வேலை. சத்தமில்லாமல் இடத்துக்கு வந்து, ஐந்து பத்து நிமிடம் காட்டை அடங்க விடுங்கள். ரைஃபிளை முக்காலியில் ஏற்றி வையுங்கள். முதல் ஊதலுக்கே 15 அடியில் கிடா வந்து நிற்பதும், ரைஃபிள் தோளில் தொங்குவதும் இந்தப் பருவத்தின் நிரந்தரக் காட்சி. உட்காரும் இடம் நிழலாகவும், காற்றின் கீழ்ப்பக்கம் கொஞ்சம் வெட்டவெளியாகவும் இருக்கட்டும். கிடா நேராக வராது, சுற்றி வந்து வாடை பிடிக்கப் பார்க்கும். அந்தச் சுற்றைச் சுற்றும்போது அது வெளியே தெரிய வேண்டும்.

முதலில் மிக மெதுவாக நான்கைந்து கீச்சு. கிடா 50 அடியிலேயே படுத்திருக்கலாம். மூன்று நான்கு நிமிடம் சும்மா இருங்கள். மறுபடி, கொஞ்சம் சத்தமாக, திசையை மாற்றி. மூன்றாவது முறை இன்னும் கொஞ்சம் சத்தமாக. அப்புறமும் வரவில்லையா, கால் மணி நேரம் அசையாமல் காத்திருங்கள். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். எழுந்து முக்காலியை மடக்குகிற நேரத்தில், சத்தமே போடாமல் நடந்து வந்த வயதான கிடா புதரிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துவிடும். ஓடி வருவது பெரும்பாலும் இளசுகள்.

விரட்டப்படுகிற பெட்டை போடும் கிறீச்சிட்ட கூச்சல் ஒன்று உண்டு. மற்றதெல்லாம் தோற்ற பிறகு, பருவத்தின் கடைசியில், அதை ஒருமுறை முயலலாம். குட்டியின் கத்தலை ஊதினால் தாய் பதறிக்கொண்டு ஓடி வரும், அதன் பின்னால் கிடாவும் வரலாம். வேலை செய்யும்தான், எனக்குப் பிடிக்காது. குட்டியைத் தேடித் தவிக்கிற தாயைப் பார்த்துக்கொண்டு உட்காருவதைவிட வெறுங்கையோடு போவது மேல்.

பலன் இல்லையென்றால் 200, 300 மீட்டர் தள்ளிப் போய் மறுபடி ஊதலாம். அதே இடத்தில் தினமும் ஊதாதீர்கள். ஏமாந்து, நம்மையும் பார்த்துவிட்ட கிடா அடுத்த தடவை ஊதல் கேட்டாலே எதிர்ப்பக்கம் நடக்கும்.

படி 7: வந்தது எது?

கொம்பைப் பார்த்ததும் விரல் நகரக் கூடாது. முதிர்ந்த கிடாவுக்குக் கழுத்து பருத்து, தலை தாழ்ந்து, உடம்பின் முன்பக்கம் கனமாகத் தெரியும். கொம்பு முளைக்கும் அடித்தண்டு தடித்துக் குட்டையாகி, கொம்பின் அடி வளையம் கூரை போலச் சரிந்திருக்கும். இளசுக்குக் கழுத்து மெலிந்து, நிமிர்ந்து, துருதுருவென்று இருக்கும். பொதுவாகப் பக்கத்துக்கு மூன்று முனை. முனை எண்ணிக்கையை வைத்து வயதைச் சொல்லிவிட முடியாது. சுடும் முன் சொல்கிற வயதெல்லாம் மதிப்பீடுதான்.

எதைச் சுடுவது என்பது நிலத்தின் திட்டத்தைப் பொறுத்தது. என் கருத்து இது: இளமரங்களைக் காப்பாற்ற எண்ணிக்கையைக் குறைப்பது நோக்கம் என்றால், கிடாவைச் சுட்டு அதைச் சாதிக்க முடியாது, குளிர்காலத்தில் பெட்டையைக் குறைப்பதுதான் வழி. நல்ல கிடாவைப் பருவத்தின் தொடக்கத்திலேயே எடுப்பதைவிட, அது தன் வேலையை முடித்த ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் எடுப்பது நியாயம்.

படி 8: சுடுதல்

பக்கவாட்டில் நிற்க வேண்டும், அசையாமல் நிற்க வேண்டும், பின்னால் மண் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் சுட வேண்டாம். குறி, முன்னங்காலின் பின்கோட்டை ஒட்டி, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு முடிகிற உயரத்தில். நம்பிக்கையாக அடிக்கக்கூடிய வட்டம் சுமார் 10 செ.மீ.தான். 100 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பருவத்தில் அதற்கு மேல் தேவையே வராது.

இந்தப் பருவத்துக்கே உரிய ஆபத்துகள் இரண்டு. ஒன்று, கிடாவுக்குப் பின்னால் பெட்டை. இரண்டும் ஒட்டிக்கொண்டே திரிவதால், கிடாவைத் துளைத்து வெளியேறும் தோட்டா பெட்டையின் மேல் பாயும். பெரணிக்குள் குட்டி நிற்பதும் தெரியாது. சுடும் முன் பெட்டை எங்கே என்ற கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு, மனிதர்கள். கோடை விடுமுறை, பொது நடைபாதைகள், நாயோடு உலாவுகிறவர்கள், ஆள் உயரப் பயிர். ஸ்காட்லாந்தில் 2003 நிலச் சீர்திருத்தச் சட்டப்படி மக்கள் பொறுப்போடு எங்கும் நடக்கலாம். தோட்டா மைல் கணக்கில் பறக்கும். வானத்தை ஒட்டி நிற்கிற மானை எந்தக் காரணத்துக்காகவும் சுடக் கூடாது.

ஓடுகிற கிடாவை நிறுத்த ஒரு சின்னக் கீச்சோ, வாயால் ஒரு "ஹேய்"யோ போதும். நின்று பார்க்கும் அந்த இரண்டு மூன்று நொடிதான் நமக்குக் கிடைப்பது. அதற்குள் தயாராக முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், மறுபடி வரும்.

படி 9: சுட்ட பிறகு

உடனே அடுத்த தோட்டாவை ஏற்றி, ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் இருங்கள். நெஞ்சில் பட்டால் முன்னே பாய்ந்து, தாழ்வாக 40, 50 மீட்டர் ஓடி விழும். முதுகைக் கூனி, பின்னங்காலை உதறி, மெதுவாக நடந்து போனால் வயிற்றில் பட்டிருக்கிறது.

விழுந்தாலும் விழாவிட்டாலும் பத்து நிமிடம் நகர வேண்டாம். சுட்ட இடத்திலிருந்தே, மான் நின்ற இடத்தை ஒரு மரத்தையோ கிளையையோ வைத்து மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பெரணிக்குள் போய்விட்டால் எல்லா இடமும் ஒன்றுதான். அங்கே கிடக்கும் மயிரையும் ரத்தத்தையும் பாருங்கள். நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் நுரையீரல், பக்கத்தில்தான் கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், அரை மணி நேரமாவது பொறுங்கள். பச்சை கலந்து வாடை அடித்தால் குடல். தொடர்ந்து போய் எழுப்பாதீர்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டு, மோப்பத்தில் பழகிய நாயோடு வாருங்கள். கோடைப் பெரணிக்குள் நாய் இல்லாமல் தேடுவது, மானைத் தவறவிடப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்ட மாதிரி. சொந்த நாய் இல்லாதவர், கூப்பிட்டால் வரக்கூடிய ஒருவரின் எண்ணை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும்.

விழுந்த மானைப் பின்புறமாக அணுகி, ஒரு குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமை அசையாவிட்டால் துப்பாக்கியைக் காலி செய்துவிட்டுக் கத்தியை எடுக்கலாம்.

படி 10: வெயிலில் இறைச்சி

ஜூலை வெயிலில் கிடைக்கிற அவகாசம் மிகக் குறைவு. நீலப் பச்சை ஈக்கள் சில நிமிடத்திலேயே முட்டையிட வந்துவிடும். ரத்தம் வடித்து, குடலை உடனே எடுத்து, நெஞ்சுக்கூட்டைத் திறந்து காற்று உள்ளே போக விடுங்கள். நிழலில் தொங்கவிட்டு, ஈ புகாத வலைப்பையைப் போர்த்தி, நேராகக் குளிரறைக்கு. உள்வெப்பம் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்க வேண்டும். காரின் பின்பக்கம் வெயிலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் கெட்டது கெட்டதுதான்.

குடலை எடுக்கும்போதே நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நுரையீரல், ஈரல், தாடை, குடல் பக்கமுள்ள நிணநீர்க் கணுக்கள் வீங்கிச் சீழ் கோத்திருந்தால் மாட்டுக் காசநோயாக இருக்கலாம். அது சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். உடலை அப்படியே தனியாக வைத்துவிட்டு விலங்கு நலத் துறைக்குச் சொல்லுங்கள்.

ரோ கிடாவின் இறைச்சி, சிவப்பு மான் கிடா மாதிரி இந்தப் பருவத்தில் கடுமையான வீச்சம் அடிக்காது. குளிரறையில் தோலோடு இரண்டு மூன்று நாள் தொங்கினால் மென்மையாகும். தொடையை ஓவனில் சமைக்கிறவர்களுக்கு விட்டுவிட்டு, தோள்பட்டையை எலும்போடு வெட்டி மிளகுக் குழம்பு வையுங்கள். கொழுப்பே இருக்காது, அதனால் நல்லெண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் உடம்பு முழுக்க உண்ணி தேட வேண்டும். முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு வார் இறுகும் இடம். சிறு கொக்கிக் கருவியால் தலையோடு எடுங்கள், எண்ணெய் தடவவோ சூடு வைக்கவோ வேண்டாம். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவந்த வட்டம் பரவினால் லைம் நோயாக இருக்கலாம். மான் இருக்கிற காட்டில் நீங்கள் திரிந்ததை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக நோட்டில் எழுத வேண்டியவை: தேதி, நேரம், காற்றின் திசை, குடலெடுத்த எடை, கீழ்த்தாடைப் பல் தேய்மானத்தை வைத்து மதிப்பிட்ட வயது, பக்கத்தில் பெட்டை இருந்ததா இல்லையா. பருவம் முடியாமல் இருந்தால், ஒரு வாரம் கழித்து அதே வளையத்துக்குப் போய்ப் பாருங்கள். நல்ல பெட்டை இருக்கிற எல்லை காலியாகக் கிடக்காது, பக்கத்துக் கிடா அதற்குள் குடியேறியிருக்கும்.